பின்சக்கரத்தில் 'கடக் கடக்', புதுச் செயினும் நழுவுகிறது: வீட்டிலேயே பார்க்கலாமா?

காட்பாடி_காலை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 26 அங்குலச் சக்கரம், பின்னால் 7 பல்சக்கரம் உள்ள கியர் சைக்கிள். பழைய வண்டியாக வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. தினமும் காட்பாடியில் கிளம்பி, பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி, பாகாயம் வரை போய்த் திரும்புகிறேன். போன மாதம் செயின் ரொம்பத் தேய்ந்துவிட்டது என்று ஒரு கடையில் புதுசு மாட்டினேன். அன்றிலிருந்து எழுந்து நின்று மிதித்தால் செயின் 'டக்' என்று ஒரு பல் தாண்டிவிடுகிறது. முந்தாநாள் பாலத்து ஏற்றத்தில் அப்படித் தாண்டி, முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது. பின்னால் லாரி வரவில்லை, பிழைத்தேன்.

பின்பக்கம் 'கடக் கடக்' என்று ஒரு சத்தமும் இருக்கிறது. அது செயின் மாற்றுவதற்கு முன்பிருந்தே உண்டு. இதோடு பின்டயர் ஒரே மாதத்தில் மூன்று தடவை பஞ்சர். கடையில் கேட்டால், "ஓவராயில் பண்ணணும், ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க" என்கிறார்கள். இரண்டு நாள் வண்டி இல்லாமல் எனக்கு வேலை ஓடாது. கையில் ஒரு ஸ்பேனர் செட், ஸ்க்ரூடிரைவர், பம்பு இருக்கின்றன. நானே இறங்கலாமா?

---

சத்து_7ஸ்பீடு எழுதியது:

ஒரு டபிள்யூடி-40 டப்பா வாங்கி ஹப், செயின், பிரீவீல் எல்லாவற்றிலும் அடித்து விடுங்க ப்ரோ. அஞ்சு நிமிஷ வேலை.

---

ரிம்கம்பி எழுதியது:

அடிக்க வேண்டாம் தம்பி. அந்தச் சாதாரண நீலநிற டப்பாவில் இருப்பது ஈரத்தை விரட்டவும், துருப்பிடித்த நட்டை இளக்கவும் உதவும் சரக்கு. ஹப்புக்குள், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்துக்குள் அடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் கிரீஸையும் கரைத்து வெளியே கொண்டுவந்து விடும். இரண்டு நாள் சத்தம் அடங்கும், மூன்றாம் நாள் குண்டுகள் காய்ந்த கப்பில் (அவை ஓடும் கிண்ணத்தில்) உருளும்.

நான் ராணிப்பேட்டைப் பக்கம் முப்பது வருஷம் சைக்கிள் கடை வைத்திருந்தவன். 'ஓவராயில்' என்ற சொல்லே பாதி வினை. ஓவர்ஹால் என்பதுதான் நம் வாயில் ஓவராயில் ஆனது. அதைக் கேட்டு, நிறைய ஆயில் விடுவதுதான் வேலை என்று நினைத்துக் கேனோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேலும் தப்பு சொல்ல முடியாது. பழைய 28 அங்குல வண்டிகளின் ஹப்பில் நடுவே ஒரு சின்ன ஓட்டை இருக்கும், மேலே ஸ்பிரிங் கிளிப் மூடியிருக்கும். அதைத் திருப்பி ஆயில் விடுவார்கள். உங்கள் ஹப்பில் அந்த ஓட்டையே கிடையாது.

எதையும் கழற்றுவதற்கு முன்னால் சத்தம் எங்கே குடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மூன்று விஷயம் சொல்லுங்கள்.

இறக்கத்தில் மிதிப்பதை நிறுத்தி வண்டியைச் சும்மா உருளவிட்டால் சத்தம் வருகிறதா? வந்தால் சக்கரம், ஹப், கம்பி, டயர் இவற்றில் ஒன்று. நின்றுபோனால் பெடல், கிராங்கு, பி.பி. (கிராங்கு சுழலும் நடு அச்சு), செயின் பக்கம் தேட வேண்டும். (பின்னால் பல்சக்கரங்களைத் தாங்கும் பிரீவீலின் 'கிர்ர்' சத்தத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது அதன் சுபாவம்.)

மிதிக்கும்போது மட்டும் வருகிறது என்றால், பெடல் ஒரு சுற்று வர ஒரு தடவையா, அல்லது இரண்டு மூன்று சுற்றுக்கு ஒரு தடவையா?

கடைசியாக, வண்டியை நிறுத்தி, சீட்டுக்குக் கீழே நிற்கும் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பின்சக்கரத்தின் ரிம்மை மறுகையால் இடம் வலமாக ஆட்டுங்கள். ஆட்டம் இருக்கிறதா? சக்கரத்தைக் கால் சுற்று திருப்பி மறுபடி ஆட்டுங்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவா?

---

காட்பாடி_காலை எழுதியது:

பார்த்தேன் ஐயா. உருளவிட்டாலும் 'கடக் கடக்' வருகிறது. ரிம்மை ஆட்டினால் நன்றாகவே ஆடுகிறது, ஒரு இடத்தில் கூடுதலாக, எதிர்ப்பக்கம் குறைவாக. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் கையில் நறநற என்று மணல் அரைபடுவது போல இருக்கிறது.

---

ரிம்கம்பி எழுதியது:

அப்படியானால் கோன் (ஆக்சிலில் திருகி, குண்டுகளைக் கப்போடு சேர்த்துப் பிடிக்கும் கூம்பு நட்டு) போயிருக்கிறது, ஆக்சிலும் வளைந்திருக்கலாம். ஒன்று கேட்கிறேன், கேரியரில் என்ன ஏற்றுகிறீர்கள்?

---

காட்பாடி_காலை எழுதியது:

வாரத்துக்கு மூன்று நாள் 20 லிட்டர் தண்ணீர் கேன். வீட்டுக்கு ஒன்று, கீழ்வீட்டுப் பாட்டிக்கு ஒன்று. ஒரு தடவைக்கு ஒன்றுதான் வைப்பேன். அது எப்படித் தெரிந்தது ஐயா?

---

ரிம்கம்பி எழுதியது:

ஜோசியம் இல்லை. உங்கள் வண்டியில் இருப்பது ஹப்பின்மேல் மரை சுற்றி ஏற்றும் பிரீவீல். இந்த அமைப்பில் வலப்பக்கக் குண்டுகள் பிரீவீலுக்கு உள்பக்கம், ஹப்பின் நடுவை ஒட்டி இருக்கும். அங்கிருந்து சட்டம் பிடித்திருக்கும் இடம் வரை ஆக்சிலுக்கு ஒரு தாங்கலும் கிடையாது. ஏழு பல்சக்கரத்தின் அகலம் முழுவதும் அந்தரத்தில் நிற்கிறது. பின்னால் இருபது கிலோ, மேலே ஆள், ஒரு வேகத்தடையில் தூக்கிப் போட்டால் ஆக்சில் வலப்பக்கம் வளையும். வளைந்தால் இரண்டு கோனும் ஒரே நேர்க்கோட்டில் நிற்காது. குண்டுகள் ஒரு பக்கமே அமுங்கி உருண்டு கோனில் குழி விழும். விலை கூடிய வண்டிகளில் கேசட் ஹப் என்று வருகிறதே, அதில் வலப்பக்கக் குண்டுகளை வெளிக்கோடிக்கே தள்ளி வைத்திருப்பார்கள். அதனால் அந்த ஆக்சில் லேசில் வளையாது.

கழற்றும் முறை சொல்கிறேன், அவசரப்படாமல் செய்யுங்கள்.

கீழே ஒரு வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் முந்தி இதுதான். இடப்பக்கம் மட்டும் திறக்க வேண்டும். வெளியே இருக்கும் லாக் நட்டுக்குச் சாதாரண ஸ்பேனர் போதும். உள்ளே இருக்கும் கோனுக்கு மெல்லிய கோன் ஸ்பேனர் வேண்டும், தடித்தது நுழையாது. கோனைப் பிடித்துக்கொண்டு லாக் நட்டைத் திருப்பிக் கழற்றுங்கள். பிறகு கோனைச் சுற்றி எடுத்துவிட்டு, ஆக்சிலை வலப்பக்கமாக மெல்ல உருவுங்கள். குண்டுகள் கொட்டும். பின்ஹப்பில் பக்கத்துக்கு 9 குண்டு, ஒவ்வொன்றும் கால் அங்குலம். மொத்தம் 18. முன்ஹப் என்றால் பக்கத்துக்கு 10, அவை சின்னவை, 3/16 அங்குலம். எண்ணிக்கை எழுதி வையுங்கள்.

எல்லாவற்றையும் டீசலில் கழுவுங்கள். மண்ணெண்ணெய் இப்போது யாருக்கு எளிதில் கிடைக்கிறது? பெட்ரோலில் மட்டும் வேண்டாம், வீட்டுக்குள் அது ஆபத்து. துடைத்துக் காயவைத்து, கோனை டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். குண்டு ஓடிய தடம் பளபளவென்று ஒரே கோடாக இருந்தால் பரவாயில்லை. அம்மைத் தழும்பு போலக் குழி இருந்தால் கோனை மாற்ற வேண்டும், கிரீஸ் எவ்வளவு அப்பினாலும் அது ஆறாது. ஹப்புக்குள் இருக்கும் கப்பையும் பாருங்கள். அதில் குழி விழுந்திருந்தால்தான் பெரிய செலவு. அப்புறம், ஆக்சிலை சமையலறைக் கல் மேடையில் உருட்டுங்கள். நேராக இருந்தால் அமைதியாக ஓடும். வளைந்திருந்தால் நடுவில் வெளிச்சம் தெரிந்து தெரிந்து மறையும்.

குண்டு மாற்றினால் முழு செட்டும் மாற்றுங்கள். பழையதோடு புதியதைக் கலந்தால் புதியது மயிரிழை பெரிதாக இருக்கும், பாரம் முழுவதும் அதன் தலையில் விழும். வாகன உதிரிபாகக் கடையில் கிடைக்கும் லித்தியம் கிரீஸ் போதும். கப்பில் தாராளமாகத் தடவினால் குண்டுகள் அதிலேயே ஒட்டி நிற்கும், பல்லக்கில் உட்கார்ந்தது மாதிரி.

பிரீவீலைக் கழற்றாமலும் இதையெல்லாம் செய்யலாம். ஆனால் வலப்பக்கக் கப்பைத் துடைக்கக் கை போகாது. எப்படியும் உங்கள் செயின் நழுவலுக்கு அங்கேதான் வரப்போகிறோம், அதனால் கழற்றிவிடுங்கள். அதற்கென்று ஒரு சாவி உண்டு, உங்கள் பிரீவீலின் உள்பற்களுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டு வருஷம் மிதித்து மிதித்து அது இறுகியிருக்கும், கை ஸ்பேனருக்கு அசையாது. பக்கத்து கிரில் பட்டறையில் வைஸ் இருந்தால் சாவியை அதில் கவ்வவைத்து, மேலே சக்கரத்தை உட்காரவைத்து, பஸ் ஸ்டீயரிங் திருப்புவது போல இடப்பக்கம் திருப்புங்கள்.

---

சத்து_7ஸ்பீடு எழுதியது:

சரி, ஹப்பில் அடிக்க மாட்டேன். செயினில்? நான் இரண்டு வருஷமாக அடிக்கிறேன், ஓடுகிறதே.

---

ஏலகிரி14 எழுதியது:

ஓடும். கழுவுவதற்கு அது நல்லதுதான், கழுவிய பிறகு அதிலேயே விட்டுவிடுவதுதான் தப்பு. செயினில் தங்க அதற்குப் பிசுக்கு போதாது.

என் அனுபவம் எதிர்ப்பக்கம். நான் பைக் என்ஜின் ஆயில் விட்டுக்கொண்டிருந்தேன். நம் ஊர் ரோட்டோரம் தெரியுமே, மணல் லாரி போன தடம் முழுக்கப் பொடி. கெட்டி ஆயில் அந்தப் பொடியை இழுத்துக்கொள்ளும். ஆயிலும் மணலும் சேர்ந்தால் வால்வு லேப்பிங் பேஸ்ட்தான், அதாவது இரும்பையே தேய்க்கும் பசை. செயின் கறுப்பாகப் பளபளத்தது, நானும் நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குவதற்குள் கரகரப்பு வந்துவிட்டது.

இப்போது செய்வது இதுதான். துணியை டீசலில் நனைத்து, செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்றுவேன். துணியில் கறுப்பு ஒட்டுவது நிற்கும் வரை. காய்ந்ததும் ஒவ்வொரு உருளைமேலும் ஒரே ஒரு சொட்டு மெல்லிய ஆயில். செயின் ஆயில் கிடைத்தால் அது, இல்லையென்றால் தையல் மிஷின் ஆயில். ராத்திரி முழுக்க அப்படியே விட்டு, காலையில் வெளிப்பக்கத்தைச் சுத்தமாகத் துடைத்துவிடுவேன். ஆயில் வேலை செய்ய வேண்டியது உருளைக்கு உள்ளே. வெளியே பளபளத்தால் அது மணலுக்கு வைத்த சாப்பாடு. தேங்காய் எண்ணெய் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது நாளடைவில் பிசின் மாதிரி ஆகிவிடும், தயவுசெய்து தலைக்கு வையுங்கள்.

---

குடியாத்தம்_டீச்சர் எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் மகளின் லேடீஸ் சைக்கிளுக்கு டயர் போய்விட்டது. பழைய டயரில் 26 என்று இருந்தது, கடையில் 26 என்று கேட்டு வாங்கி வந்தேன். என் வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டுத் தம்பியும் இரண்டு மணி நேரம் போராடினார்கள், ரிம்மில் ஏறவே இல்லை. நெம்பியதில் ஒரு எவர்சில்வர் கரண்டி வளைந்ததுதான் மிச்சம். டயர் கோளாறா, ரிம் கோளாறா?

---

ரிம்கம்பி எழுதியது:

கரண்டிக்கு அனுதாபம் அம்மா. டயரும் சரி, ரிம்மும் சரி. 26 என்ற எண்தான் ஏமாற்றிவிட்டது.

பழைய டயரின் பக்கவாட்டில் 26க்கு அடுத்து என்ன எழுதியிருக்கிறது? 1 3/8 என்று பின்னமாக இருக்கும். புது டயரில் 1.95 அல்லது 1.75 என்று புள்ளி வைத்திருக்கும். சரிதானா?

---

குடியாத்தம்_டீச்சர் எழுதியது:

ஆமாம்! அப்படியே இருக்கிறது. 1 3/8, 1.95.

---

ரிம்கம்பி எழுதியது:

சைக்கிளில் 26 அங்குலம் என்பது ஒரு அளவு இல்லை, ஒரு குடும்பப் பெயர். காற்றடித்த பிறகு வெளிவிட்டம் சுமாராக 26 வந்தால் எல்லாவற்றுக்கும் அதே பெயர் வைத்துவிட்டார்கள். ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம்தான் உண்மையான அளவு. 26 × 1 3/8 என்றால் அது 590 மில்லிமீட்டர். 26 × 1½ என்றால் 584. புள்ளி வைத்த 26 × 1.95 என்றால் 559. நீங்கள் 590 ரிம்மில் 559 டயரை ஏற்றப் பார்த்திருக்கிறீர்கள். மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம், கரண்டி என்ன, கடப்பாரை வைத்தாலும் ஏறாது. கணக்கில் முக்கால் ஒன்றுதான், 0.75 ஒன்றுதான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவீர்கள். டயர் கடையில் அது செல்லாது.

டயரின் ஓரத்தில் சின்ன எழுத்தில் 37-590 போல ஒரு எண் இருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது எண் இந்த விட்டம். கடையில் இந்த இரண்டாவது எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். பெரியவர்களின் 28 × 1½ வண்டிக்கு 635, இப்போது பையன்கள் வைத்திருக்கும் 700சி வண்டிக்கு 622. அதையும் சிலர் 28 என்று சொல்வதுண்டு, அங்கேயும் இதே கூத்துதான்.

டயரைக் காற்று அடித்துப் பார்க்கவில்லை என்றால் மாற்றிக் கொடுப்பார்கள்.

---

காட்பாடி_காலை எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை அறிக்கை.

கிரில் பட்டறை அண்ணா வைஸ் கொடுத்தார். பிரீவீல் ஒரு பெரிய 'படார்' சத்தத்தோடு விட்டது, எலும்புதான் முறிந்ததோ என்று பயந்துவிட்டேன். கல் மேடையில் ஆக்சிலை உருட்டினேன். ஐயா சொன்ன மாதிரியே வெளிச்சம் கண் சிமிட்டுகிறது. வலப்பக்கக் கோனில் ஒரு பக்கம் மட்டும் வரிசையாகக் குழி, அம்மைத் தழும்பேதான். கப்பு இரண்டும் நன்றாக இருக்கின்றன, சாமி காப்பாற்றினார்.

வெள்ளைத் துணி விரிக்கச் சொன்னீர்கள். விரித்தேன். ஆனால் பால்கனியில் விரித்தேன். 17 குண்டுதான் கிடைத்தது. புது செட் வாங்கப் போனேன், கடைப் பையன் முன்சக்கரத்துக் குண்டைக் கட்டிக் கொடுத்துவிட்டான். வீட்டுக்கு வந்து கப்பில் வைத்தால் ஒன்பது வைத்த பிறகும் கடலை வண்டி மாதிரி இடம் கிடக்கிறது. திரும்பப் போய்க் கால் அங்குலம் என்று சொல்லி வாங்கினேன். ஆக்சில், கோன், குண்டு எல்லாம் புதுசு. பிரீவீலை மட்டும் செலவு பார்த்துப் பழையதையே மாட்டியிருக்கிறேன்.

ஒரு சிக்கல். கோனைக் கையால் சரியாக வைத்து லாக் நட்டை இறுக்கினால் சக்கரம் இறுகிப்போகிறது. தளர்த்தினால் ஆடுகிறது. நாலு தடவை செய்துவிட்டேன்.

---

ரிம்கம்பி எழுதியது:

நாலு தடவைதானா? நான் கற்றுக்கொண்டபோது என் முதலாளி பதினைந்து தடவை கழற்றவைத்தார்.

லாக் நட்டை இறுக்கும்போது அது கோனையும் கொஞ்சம் உள்ளே தள்ளும். அதனால் இறுக்குவதற்கு முன்னால் துளி ஆட்டம் இருக்கும்படி விட வேண்டும். கோனை விரலால் குண்டு தொடும் வரை திருப்புங்கள், பிறகு கால் சுற்றுக்கும் குறைவாகப் பின்வாங்குங்கள். இப்போது கோனைக் கோன் ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை மட்டும் இறுக்குங்கள். உங்களுக்கு இறுகிப்போகிறது என்றால் கோனும் கூடவே சுற்றுகிறது என்று அர்த்தம். சரியாக அமைந்தால், சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தால் டியூப் வால்வின் கனத்துக்கே மெல்ல ஆடி, வால்வு கீழே வந்து நிற்கும்.

உங்களுக்கு நட்டு போட்ட சக்கரம், அதனால் ஆட்டம் துளியும் மிஞ்சக் கூடாது. நெம்புகோல் மடக்கிப் பூட்டும் குயிக் ரிலீஸ் சக்கரம் என்றால் கதை வேறு. அது பூட்டும்போது ஆக்சிலையே கொஞ்சம் நெருக்கும். அதற்கு வெளியே வைத்துப் பார்க்கும்போது இம்மி ஆட்டம் விட்டு, வண்டியில் பூட்டிய பிறகு அது மறைகிறதா என்று பார்க்க வேண்டும்.

---

காட்பாடி_காலை எழுதியது:

ஆறாவது தடவை அமைந்தது! வால்வு தானாகக் கீழே வந்து நின்றபோது வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். 'கடக் கடக்' போயே போய்விட்டது. தண்ணீர் கேனைக் கீழ்வீட்டுப் பாட்டியின் பேரன் பைக்கில் அனுப்ப ஏற்பாடு செய்துவிட்டேன்.

ஆனால் செயின் இன்னும் தாண்டுகிறது.

---

ஏலகிரி14 எழுதியது:

எந்தப் பல்சக்கரத்தில் தாண்டுகிறது? எல்லாவற்றிலுமா?

---

காட்பாடி_காலை எழுதியது:

சின்னவை இரண்டில்தான் அதிகம். பெரிய பல்சக்கரத்தில் போட்டால் தாண்டவே இல்லை. நான் பெரும்பாலும் ஓட்டுவதும் அந்தச் சின்னவற்றில்தான்.

---

ரிம்கம்பி எழுதியது:

பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். அந்த இரண்டும் பழைய செயினோடு சேர்ந்தே தேய்ந்தவை.

செயினில் ஒரு ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடையே அரை அங்குலம். நான் கடையில் சேர்ந்தபோது இது வடஆற்காடு மாவட்டம், அப்புறம் வேலூர் மாவட்டம், 2019இலிருந்து ராணிப்பேட்டை மாவட்டம். அந்த அரை அங்குலம் மட்டும் அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றேதான். புதுச் செயினில் ஒரு அடி அளவுகோலை ஒரு ஆணியின் நடுவில் வைத்தால், 24 ஆணி தள்ளி இருக்கும் ஆணியின் நடுவில் 12 அங்குலம் சரியாக வரும். தேயத் தேய ஆணிக்கும் துளைக்கும் இடையே சந்து விழுந்து செயின் நீளும். 12 அங்குலத்தைத் தாண்டி 1/16 போனால் செயினை மாற்றிவிட வேண்டும், அப்போது பல்சக்கரம் பிழைத்துக்கொள்ளும். 1/8 வரை விட்டால், நீண்ட செயினுக்கு ஏற்றபடி பல்லும் தேய்ந்து சுறாமீனின் முதுகுத் துடுப்பு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அதில் புதுச் செயினை மாட்டினால் உருளை பல்லின் அடியில் உட்காராமல் மேலே ஏறித் தாண்டும். முன்னால் இருக்கும் பெரிய பல்சக்கரத்துக்குப் பல் அதிகம், பாரம் பங்கு போட்டுக்கொள்ளும், அதனால் அது மெதுவாகத்தான் தேயும்.

பழைய செயினை வைத்திருக்கிறீர்களா? இருந்தால் அதையே மாட்டி இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். கேவலம் ஒன்றும் இல்லை, இரண்டும் சேர்ந்து கிழடாகட்டும். இல்லையென்றால் பிரீவீல் மாற்றுவதைத் தவிர வழி இல்லை.

ஒரு சந்தேகம் தீர்த்துக்கொள்ளுங்கள். பிரீவீலுக்கு உள்ளே இருக்கும் சின்னக் கொக்கிகள் பிசுக்கில் ஒட்டிக்கொண்டாலும் கால் நழுவும். ஆனால் அப்போது செயின் பல்லில் சரியாகவே ஓடும், சக்கரம்தான் கூட வராது. மிதி காலியாகப் போகும். உங்களுக்குச் செயினே தாண்டுவதால் அது இல்லை. அந்தக் கோளாறு இருப்பவர்கள் சக்கரத்தைப் படுக்கவைத்து, சுற்றும் பாகத்துக்கும் சுற்றாத பாகத்துக்கும் நடுவே உள்ள சந்தில் மெல்லிய ஆயில் விடலாம். கிரீஸ் அங்கே போகக் கூடாது.

---

காட்பாடி_காலை எழுதியது:

பழைய செயினைக் கடையிலேயே விட்டுவிட்டேன். மாட்டும்போது அவர்கள் பிரீவீலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சரி, புதுசு வாங்குகிறேன்.

---

ஏலகிரி14 எழுதியது:

மரையில் கிரீஸ் தடவி, முதல் இரண்டு மூன்று சுற்று கையாலேயே ஏற்றுங்கள். ஹப் அலுமினியம், மரை மாறி ஏறினால் ஹப்பே போச்சு. இறுக்க வேண்டாம், மிதித்தால் அதுவே இறுகிக்கொள்ளும். அப்புறம் கியர் கொஞ்சம் தடுமாறலாம். பெரிய பல்லுக்கு ஏறத் தாமதித்தால், டிரெய்லர் (செயினைப் பல் மாற்றிப் போடும் டிரெய்லியர்) பக்கம் கேபிள் நுழையும் இடத்தில் உள்ள திருகைக் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் அரைச் சுற்று திருப்புங்கள். இறங்கத் தாமதித்தால் மறுபக்கம். எச், எல் என்று இரண்டு திருகு இருக்கும், அவற்றைத் தொடாதீர்கள்.

---

சத்து_7ஸ்பீடு எழுதியது:

பஞ்சரை எல்லோரும் மறந்துவிட்டீர்களே. மூன்று தடவை பஞ்சர் என்றால் வெயில்தான். நம் வேலூர் வெயிலுக்குக் காற்று விரிந்து டியூப் வெடிக்கும். நான் ஏப்ரல், மே மாதங்களில் பாதிக் காற்றுதான் அடிப்பேன்.

---

ஏலகிரி14 எழுதியது:

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காலையில் 28 டிகிரியில் 50 பி.எஸ்.ஐ. அடிக்கிறீர்கள். மதியம் தார் ரோட்டில் டயர் 58 டிகிரி ஆகிறது என்றே வைத்துக்கொள்வோம். வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் 56, 57 வரும். ஆறு ஏழு பி.எஸ்.ஐ. கூடுதலில் நல்ல டியூப் வெடிக்காது. வெடித்தது என்றால் டயருக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் மாட்டியிருக்கும், அல்லது டயர் ஓரம் கிழிந்திருக்கும். வெயில் சாட்சிதான், குற்றவாளி இல்லை.

பாதிக் காற்றில்தான் ஆபத்து அதிகம். பள்ளத்தில் இறங்கும்போது டியூப் ரிம்மின் இரண்டு ஓரத்துக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். உங்கள் டியூப்பில் அப்படி ஒட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

---

சத்து_7ஸ்பீடு எழுதியது:

...இருக்கிறது. இரண்டு ஜோடி.

---

ரிம்கம்பி எழுதியது:

காட்பாடித் தம்பிக்கு. ஓட்டை டியூப்பின் எந்தப் பக்கம் விழுகிறது என்பதுதான் முதல் கேள்வி. ரோட்டைப் பார்க்கும் பக்கம் என்றால் முள், ஆணி, கண்ணாடி. ரிம்மைப் பார்க்கும் பக்கம் என்றால் கம்பி முனை குத்துகிறது, ரிம்மின் உள்ளே இருக்கும் ரப்பர் பட்டை விலகியிருக்கும்.

இனி டயர் மாட்டும்போதெல்லாம் டயரில் உள்ள கம்பெனிப் பெயர் வால்வுக்கு நேராக வரும்படி மாட்டுங்கள். டியூப்பில் ஓட்டை வால்விலிருந்து எத்தனை சாண் தள்ளி என்று பார்த்தால், டயரில் குற்றவாளி எங்கே என்று அளந்தே கண்டுபிடிக்கலாம். மூன்று பஞ்சரும் ஒரே இடத்தில் என்றால் முள் இன்னும் டயருக்குள்ளேயே இருக்கிறது. பாலாற்றங்கரை முழுக்க வேலிகாத்தான். அந்த முள் குத்தி ஒடிந்தால் நுனி மட்டும் டயர் நூலுக்குள் ஒளிந்துகொள்ளும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் தட்டாது, பாரம் ஏறினால் மட்டும் தலை நீட்டும். டயரின் உள்பக்கத்தைப் பஞ்சால் சுற்றித் துடையுங்கள். முள் இருக்கும் இடத்தில் பஞ்சு மாட்டும். விரலால் தடவாதீர்கள், என் கட்டைவிரலில் இன்னும் ஒரு நுனி இருக்கிறது.

---

காட்பாடி_காலை எழுதியது:

மூன்று ஒட்டும் கைவிரல் அகலத்துக்குள் இருக்கின்றன. பஞ்சு மாட்டியது. இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது, கறுப்பாக ஒரு நுனி. கட்டிங் பிளையரால் பிடுங்கினேன். இதற்காக மூன்று தடவை காசு கொடுத்திருக்கிறேன்.

---

குடியாத்தம்_டீச்சர் எழுதியது:

டயரை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். 590 என்று கேட்டதும் கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போய் எடுத்து வந்தார். கரண்டி இல்லாமலே ஏறியது. ஆனால் மறுநாள் காலையில் காற்று இறங்கியிருக்கிறது. புது டயர், டியூப்பில் ஓட்டை இல்லை, தண்ணீரில் முக்கிப் பார்த்தோம்.

---

ரிம்கம்பி எழுதியது:

வால்வைத் தண்ணீரில் முக்கினீர்களா? சக்கரத்தைத் திருப்பி வால்வை மேலே கொண்டுவந்து, அந்த வால்வின் வாயில் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழ் வந்தால் உள்ளே இருக்கும் வால் டியூப் ரப்பர் வெடித்திருக்கிறது. ஒன்றிரண்டு ரூபாய் சாமான், மெல்லிய ரப்பர் குழாய், நீங்களே நறுக்கி மாட்டலாம். அதற்காக யாரும் டியூப்பை மாற்றச் சொன்னால் மாற்றாதீர்கள்.

---

காட்பாடி_காலை எழுதியது:

புதுப் பிரீவீல் போட்டாகிவிட்டது. பாலத்தில் எழுந்து நின்று மிதித்தேன், ஒரு பல்கூடத் தாண்டவில்லை. ஆனால் மெல்லிசாக ஒரு 'டிக்' வருகிறது. எண்ணிப் பார்த்தேன், பெடல் ஏறக்குறைய மூன்று சுற்று வர ஒரு தடவை. மிதிப்பதை நிறுத்தினால் இல்லை.

---

ஏலகிரி14 எழுதியது:

முன்பல் 42, செயின் 116 கண்ணி என்றால் 116 ÷ 42, ஏறக்குறைய 2¾. செயின் ஒரு முழுச் சுற்று வருகிறது. எங்கேயோ ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. பெடலைக் கையால் மெல்லப் பின்னோக்கிச் சுற்றி, டிரெய்லரின் சின்னச் சக்கரங்களைப் பாருங்கள். ஒரு கண்ணி வரும்போது அது துள்ளும்.

---

ரிம்கம்பி எழுதியது:

பெரும்பாலும் கடையில் செயினை இணைத்த ஆணியாகத்தான் இருக்கும். அந்தக் கண்ணியை இரண்டு கையாலும் பிடித்து, செயின் மடங்கும் திசையில் இல்லாமல் பக்கவாட்டில் இப்படியும் அப்படியும் லேசாக வளையுங்கள். விட்டுக்கொடுக்கும். பிறகு ஒரு சொட்டு ஆயில்.

---

காட்பாடி_காலை எழுதியது:

துள்ளியது, வளைத்தேன், போய்விட்டது. பாகாயம் வரை செயின் சத்தமே இல்லை. பழக்கமில்லாததால் ஆரணி ரோட்டில் இரண்டு தடவை நிறுத்திச் செயின் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன்.

அந்தப் பதினெட்டாவது குண்டும் கிடைத்தது ஐயா. கீழ்வீட்டுப் பாட்டியின் துளசித் தொட்டியில். பேரன் கோலிக்குண்டு என்று எடுத்து வைத்திருக்கிறான், கேட்டால் தரமாட்டேன் என்கிறான்.